அடுப்புக்கல்: ஒரு சொல்லின் வரலாறு



சொல்லைத் தோண்டினால் வரலாறு கிடைக்கும் என்று நமக்குக் காட்டியவர் பண்டிதர் அயோத்திதாசர். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அவர், அன்றாடச் சொற்களையும் பண்டிகைப் பெயர்களையும் சான்றுகளாகவே வாசித்தார். அந்த வழியில் இன்று நாம் எடுத்துக்கொள்ளும் சொல் மிக எளியது: அடுப்புக்கல்.

‘அடு’ என்றால் சமை. உடு என்பது உடுப்பு ஆவதுபோல அடு என்பது அடுப்பு ஆயிற்று. சமைக்கும் இடம் அட்டில், அடுக்களை. சமைக்கும் பெண் அடுமகள். மலையாளத்திலும் அடுப்பு அடுப்புதான்; கன்னடத்தில் சமையல் ‘அடுகெ’. கல்லோ வயலோரத்தில் கிடப்பது. மூன்று கல்லைக் கூட்டி வைத்தால் உலை ஏற்றலாம். இந்தச் சொல்லுக்குள் நெருப்பு இருக்கிறது, உழைப்பு இருக்கிறது. தீட்டு இல்லை.

அதே ‘அடு’ பழந்தமிழில் கொல், வெல் என்றும் பொருள்படும். புறநானூற்றின் 26ஆம் பாட்டில் மாங்குடி கிழார் பாடும் பாண்டியன் நெடுஞ்செழியனின் போர்க்களத்தில், முடிசூடிய பகைவர் தலைகளே அடுப்பாகின்றன. 164ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் தம் வீட்டு அடுப்பைப் பற்றிக் குமணனிடம் சொல்கிறார்: சமைத்து நெடுநாளாகி அதில் காளான் பூத்திருக்கிறது. முன்னதை வீரம் என்றும் பின்னதை வறுமை என்றும் வகுப்பறையில் பிரித்துப் படிக்கிறோம். அரண்மனையின் அடுப்பையும் பசித்த வீட்டின் அடுப்பையும் சேர்த்து வாசித்தால்தான் அது வரலாறாகும்.

2018இல் திருப்பூர் மாவட்டப் பள்ளி ஒன்றில் அருந்ததியப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாதென்று சாதி இந்துக்கள் எதிர்த்தனர். அவருக்கு இடமாற்ற உத்தரவும் வந்தது. போராட்டம் எழுந்த பிறகே அது திரும்பப் பெறப்பட்டது. நாற்று நட்ட கையில் தீட்டில்லை, களத்தில் நெல் தூற்றிய கையில் தீட்டில்லை; அதே கை அரிசியை உலையில் இடும்போது மட்டும் தீட்டு எங்கிருந்து வந்தது? அடுப்பிலிருந்து வரவில்லை. சொல்லே அதற்குச் சாட்சி.

மாணவர்களே, உங்கள் சேரியில் அடுப்புக்கும் அதன் கல்லுக்கும் வழங்கும் பெயர்களைப் பாட்டிமாரிடம் கேட்டு எழுதிவைப்போம். பழம்பாட்டு அடுமகளைக் குறித்து வைத்தது. அவள் பெயரைக் குறிக்கவில்லை. அந்தப் பெயர்களை எழுதும் வேலை நம்முடையது.