நிலப்பட இடத் துல்லியம்

நிலப்படத்தில் ஒரு பொருள் காட்டப்படும் இடம், தரையில் அதன் உண்மையான இடத்துக்கு எவ்வளவு நெருக்கமாக உள்ளது என்பதன் அளவு. பிழையே இல்லாத படம் இல்லை என்பதால், எவ்வளவு பிழை, எத்தனை விழுக்காடு புள்ளிகளில் என்று சேர்த்துச் சொல்வது மரபு.

தொடக்கம்: அளவைப் பிழைகளைப் பகிர்ந்து சரிசெய்யும் மீச்சிறு வர்க்க முறையை பிரெஞ்சுக் கணிதர் லெஜாந்தர் 1805இல் வெளியிட்டார். 1809இல் அதை விளக்கிய ஜெர்மானியர் காஸ், 1795 முதலே தாம் பயன்படுத்தி வந்ததாகக் கூறினார். முதன்மை யாருக்கு என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. பிரிட்டிஷ் அளவையாளர் லாம்டன் 1802இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய இந்திய முக்கோண அளவையும் பிற்காலத்தில் இம்முறையால் சீராக்கப்பட்டது.

அமெரிக்கத் தரங்கள்: 1941இல் வெளியாகி 1947இல் திருத்தப்பட்ட தேசிய நிலப்படத் துல்லியத் தரம் அச்சுப் படங்களுக்கானது. சோதிக்கும் புள்ளிகளில் 90 விழுக்காடு, 1:20,000ஐவிடப் பெரிய அளவுத்திட்டப் படங்களில் அங்குலத்தில் 30இல் ஒரு பங்குக்குள்ளும், மற்றவற்றில் 50இல் ஒரு பங்குக்குள்ளும் பொருந்த வேண்டும். 1:24,000 படத்தில் இது தரையில் 40 அடி, அதாவது ஏறத்தாழ 12 மீட்டர். எல்லாப் புள்ளிகளும் இச்சோதனைக்கு ஏற்றவையல்ல. சாலைச் சந்திப்பு, கட்டட மூலை போலத் தெளிவாக அடையாளம் காணத்தக்கவையே கொள்ளப்பட்டன. தேர்ச்சி பெற்ற படம் அதைத் தன் விளக்கக் குறிப்பில் அச்சிட்டுக்கொள்ளலாம். தவறிய படத்துக்குத் தண்டனை ஏதுமில்லை. துல்லியத் தரம் பற்றி அது வாய் திறக்கக் கூடாது, அவ்வளவே.

திரையில் விரும்பியபடி பெரிதாக்கத்தக்க எண்ணிமப் படத்துக்குத் தாள் அங்குலம் பொருந்தவில்லை. எனவே 1998ஆம் ஆண்டுத் தரம் பிழையைத் தரை அலகிலேயே கூறச் செய்தது. குறைந்தது 20 சரிபார்ப்புப் புள்ளிகளில் காணும் பிழைகளை வர்க்கித்து, சராசரி கண்டு, வர்க்கமூலம் எடுத்து, கிடைமட்டத்துக்கு 1.7308ஆல் பெருக்கினால் 95 விழுக்காட்டு அளவு கிடைக்கும். 20 என்ற எண்ணுக்கும் காரணம் உண்டு: 95 விழுக்காடு என்றால் அவற்றுள் ஒரு புள்ளி தவறலாம். கிழக்கு-மேற்கு, வடக்கு-தெற்குப் பிழைகள் சமமாகவும் இயல்நிலைப் பரவலிலும் இருந்தால்தான் இப்பெருக்கெண் சரி. நடைமுறையில் அது எவ்வளவு பொருந்தும் என்பது விவாதத்துக்குரியது. அமெரிக்க ஒளிப்பட அளவைச் சங்கத்தின் 2023ஆம் ஆண்டுத் தரப் பதிப்பு 95 விழுக்காட்டு அளவைக் கைவிட்டு, குறைந்தபட்சப் புள்ளிகளை 30 ஆக்கியது.

கோடுகள்: ஆறு, கடற்கரை போன்ற கோடுகளைச் சுற்றி ஒரு பிழைப்பட்டை வரையும் கருத்து போலந்துக் கணிதர் பெர்க்காலுடன் தொடர்புபடுத்தப்படுகிறது. ஆய்வாளர்கள் குட்சைல்டும் ஹன்டரும் 1997இல் இதை ஒட்டிய எளிய அளவீட்டை முன்வைத்தனர்.

அண்மைக் காலம்: 2000 மே மாதம் ஜிபிஎஸ் குறிப்பலைகளில் வேண்டுமென்றே கலக்கப்பட்ட பிழை நீக்கப்பட்டதால் சாதாரணக் கருவிகளின் துல்லியம் கூடியது. 2004இல் தொடங்கிய தன்னார்வப் படமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை ஆய்வாளர் ஹக்லே பிரிட்டிஷ் அரசுப் படத்துடன் ஒப்பிட்டு 2010இல் வெளியிட்ட ஆய்வு, சராசரி விலகல் சுமார் 6 மீட்டர் என்றது. ஆண்ட்ராய்டு கைபேசி தரும் துல்லிய ஆரம் 68 விழுக்காட்டு நம்பிக்கை அளவைக் குறிப்பது. ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை, கைபேசி உண்மையில் இருக்கும் இடம் அந்த ஆரம் கொண்ட வட்டத்துக்கு வெளியே அமையக்கூடும்.