நாள்மழைக் கணக்கில் மறைந்த மணிநேரம்: திருப்பூர் ஓடை வெள்ளங்களின் மதிப்பீடு குறித்து

திருப்பூர் நகரின் வெள்ள அபாயம் நொய்யலாற்றின் பெருக்கை மட்டும் பொறுத்ததன்று. நகருக்குள்ளேயே ஆற்றில் வந்து சேரும் ஜம்மனை ஓடை, சங்கிலிப்பள்ளம், நல்லாறு ஆகிய சிறு நீர்வழிகளே அதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. வெள்ளியங்கிரி மலையில் பெய்த மழை, அணைக்கட்டுகளையும் குளங்களையும் கடந்து திருப்பூரை எட்ட நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் எச்சரிக்கை விட முடியும். ஓடைகள் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. நகரின் மேல் இடிமழை பெய்து முடியும் முன்பே தண்ணீர் கரையோர வீடுகளுக்குள் நிற்கும்.

நொய்யல் குறித்த ஆய்வு மரபில் இந்த ஓடை வெள்ளங்களுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. காரணம் எளிதில் விளங்கக்கூடியதே. 1990களில் இப்பகுதியில் நீராய்வைத் தொடங்கியவர்களுக்கு நொய்யல் என்பது சாயக்கழிவு ஓடும் ஆறு. பாசனத்துக்கென அப்பத்தாண்டின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாக மாறியது. ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் ஒரு சொட்டுக் கழிவுநீரும் ஆற்றில் கலக்கக் கூடாது என்றது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளையே மூட உத்தரவிட்டது. முனைவர் பட்டங்களும் திட்ட நிதியும் நிபுணர் குழுக்களும் நீரில் கரைந்த உப்பின் அளவைச் சுற்றியே அமைந்தன. வெள்ளம் அந்த ஆய்வுகளில் தலைகாட்டினால், கழிவை நீர்க்கச் செய்யும் புதுநீராகவே தலைகாட்டியது. அதே 2011 நவம்பரில் ஜம்மனை ஓடை பெருகி உயிர்களைப் பலி கொண்டது. ஆய்வு வட்டத்தில் இன்றும் 2011 என்றால் பட்டறை மூடல்தான் நினைவுக்கு வருகிறது.

பிற்பாடு வெள்ளத்தைக் கையில் எடுத்தவர்கள் இரு தரப்பாகப் பிரிந்தனர். மழையின் தன்மை மாறவில்லை, ஓடைப் புறம்போக்கில் எழுந்த கட்டடங்களும் சிமென்ட் தரையுமே காரணம் என்பது ஒரு தரப்பு. பருவநிலை மாற்றத்தால் மழையே கடுமையாகிவிட்டது என்பது மறு தரப்பு. இரண்டும் சான்றாகக் காட்டுவது ஒன்றையே: காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்த்து எழுதப்படும் நாள்மழைப் பதிவேடு. அந்தப் பதிவேட்டைக் கொண்டு இந்த வழக்கைத் தீர்க்க இயலாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நாள்மழையிலிருந்து மணிக்கணக்கிலான மழையைப் பெற இந்திய நீரியலாளர்கள் கையாளும் வழி, இந்திய வானிலைத் துறையின் பெயரால் வழங்கும் மூன்றிலொரு வாய்பாடு. வேண்டிய மணிநேரத்தை 24ஆல் வகுத்து, அதன் கனமூலத்தால் நாள்மழையைப் பெருக்க வேண்டும். தானியங்கி மழைமானி இல்லாத ஊர்களுக்கு வரையப்பட்ட மழைச்செறிவு வளைகோடுகள் பலவற்றின் அடித்தளம் இதுதான். பாடநூல்களில் இது ஒரு பத்தியில் முடிந்துவிடும். அதன் விளைவோ நீண்டது.

ஒரு மாதிரிக் கணக்கு இதைத் தெளிவாக்கும். 20 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பு, 10 கிலோமீட்டர் நீளம், கிலோமீட்டருக்கு 8 மீட்டர் சரிவு உடைய ஓடை ஒன்றைக் கொள்க. கிர்பிச் சூத்திரப்படி, கடைக்கோடியில் விழுந்த நீர் வாய்ப்பகுதியை எட்ட ஏறத்தாழ இரண்டரை மணி நேரமாகும். பதிவேட்டில் 100 மில்லிமீட்டர் என்றிருந்தால், வாய்பாடு அந்த இரண்டரை மணிக்கு ஒதுக்குவது சுமார் 47 மில்லிமீட்டர். மழையில் பாதி ஓடுநீராகும் எனக் கொண்டால் உச்ச வெள்ளம் வினாடிக்கு 52 கன மீட்டர். அந்த 100 மில்லிமீட்டரும் இரண்டரை மணியில் ஒரே இடிமழையாகக் கொட்டியிருந்தால் உச்சம் 111 கன மீட்டர். பதிவேட்டில் இரண்டு நாட்களும் ஒன்றுபோலவே இருக்கும். ஒப்பீட்டுக்கு: நகரமயத்தால் ஓடுநீர்க் கெழு 0.4லிருந்து 0.7ஆக உயர்ந்தது என்று வைத்துக்கொண்டாலும் உச்சம் 1.75 மடங்காகத்தான் உயரும். ஆக்கிரமிப்பு விவாதம் முழுவதும் எந்த அளவு மாற்றத்தைப் பற்றியதோ, அதைவிடப் பெரிய ஐயம் வாய்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

மழைநாட்களை வரிசைப்படுத்தும்போது சிக்கல் கூடுகிறது. வானிலைத் துறையின் வகைப்பாட்டில் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரை எட்டினால்தான் கனமழை. 60 மில்லிமீட்டர் பெய்த நாள் அந்தப் பட்டியலில் ஏறாது. ஆனால் அது இரண்டரை மணியில் பெய்திருந்தால் மேற்படி ஓடையில் 67 கன மீட்டர் பாயும். மிகக் கனமழை நாளான 120 மில்லிமீட்டருக்கு வாய்பாடு தருவது 63தான். அதாவது, கனமழை நாட்களை எண்ணி அபாயத்தை அளப்பவர் ஓடைக்கு ஆபத்தான நாட்கள் சிலவற்றைத் தொடக்கத்திலேயே கழித்துவிடுகிறார். காலை 7 மணிக்குத் தொடங்கி 10 மணிக்கு ஓயும் மழை இரு நாட்களின் கணக்கில் பிரிந்து போவது தனிக்கதை. அதற்கெனப் பயன்படுத்தும் 1.13 என்ற திருத்தக் காரணி ஒரு சராசரி மட்டுமே. குறிப்பிட்ட ஒரு வெள்ளத்தை அது மீட்டுத் தராது.

போக்கு ஆய்வுகளில்தான் இந்தக் குறை முழுமையாக வெளிப்படுகிறது. வாய்பாடு ஒரு மாறாப் பெருக்கி. எனவே அதன்வழி பெற்ற இரண்டரை மணி மழையின் போக்கு, நாள்மழையின் போக்கே. வேறு எதுவாகவும் இருக்க இயலாது. குறுநேர மழையில் மாற்றமில்லை என்ற முடிவு கணக்கின் தொடக்கத்திலேயே உள்ளே வைக்கப்பட்டு, இறுதியில் கண்டுபிடிப்பாக வெளியே எடுக்கப்படுகிறது. காற்றின் வெப்பம் ஒரு பாகை கூடினால் அது தாங்கும் நீராவி சுமார் 7 விழுக்காடு கூடும் என்பது இயற்பியல். அந்த விளைவு முதலில் வெளிப்படக்கூடிய இடம் குறுநேர இடிமழை என்று எதிர்பார்க்க நியாயம் உண்டு. பதிவேட்டுக்குக் கண் தெரியாத இடமும் அதுவே. இதனால் பருவநிலைத் தரப்பு வென்றுவிட்டதாகாது. அதே பதிவேட்டில் ஏறுமுகம் கண்டு ஓடை வெள்ளத்துக்கு அதைக் காரணமாக்கினால், வாதம் அதே ஓட்டை வழியே ஒழுகிவிடும்.

மறுப்புகளில் ஒன்றே பதிலுக்குத் தகுதியுடையது. சிமென்ட் தரையும் நேராக்கப்பட்ட கால்வாயும் ஓடுநீரின் அளவைக் கூட்டுவதோடு, அது வந்து சேரும் நேரத்தையும் குறைக்கின்றன. ஆகவே நிலப்பயன்பாட்டை மழையிலிருந்து பிரிக்க முடியாது என்பர். இது சரி. ஆனால் நேரம் சுருங்கச் சுருங்க நாள்மழைப் பதிவேடு இன்னும் பயனற்றதாகிறது. மறுப்பு இக்கட்டுரையின் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. பழைய குளங்களைத் தூர்வாரினால் எல்லாம் தீரும் என்ற கூற்றை இங்கு நீட்டிக்கத் தேவையில்லை. நொய்யலின் நீரைத் தேக்கவென அமைந்த குளங்கள், ஓடைகள் வழியே வந்து நகருக்குள் ஆற்றில் கலக்கும் நீரைப் பிடித்து வைக்கமாட்டா.

தானியங்கி மழைமானியின் நீண்ட தொடர் இல்லாத இடத்தில் மாற்றுச் சான்று ஓடையிலேயே உண்டு. பாலத் தூண்களிலும் கரைச்சுவர்களிலும் வெள்ளம் தொட்ட மட்டத்தை அளந்து, ஓடையின் குறுக்குவெட்டையும் சரிவையும் சேர்த்து, மேனிங் சூத்திரத்தால் உச்சப் பெருக்கைக் கணிக்கலாம். குப்பையும் பனியன் துணிக்கழிவும் அடைத்த ஓடையில் உராய்வுக் கெழுவை நிர்ணயிப்பது கடினம். பாலத்தடியில் தேங்கி ஏறிய மட்டத்தை ஓடும் நீரின் மட்டமாக எடுத்தால் உச்சம் மிகைப்படும். என்றாலும் இவற்றில் பின்னதன் திசையேனும் தெரியும். வாய்பாட்டின் பிழை ஒவ்வொரு மழையிலும் வேறு. பெருக்கைக் கணித்த பின், அதைத் தந்திருக்கக்கூடிய மழைச்செறிவைப் பின்னோக்கிக் கணக்கிட்டு அந்நாளின் பதிவேட்டு எண்ணோடு ஒப்பிடலாம். அவ்வாறு சில வெள்ளங்களேனும் சரிபார்க்கப்படும் வரை, மூன்றிலொரு வாய்பாட்டின் வளைகோடுகளை ஓடைப் பாலங்களின் திறப்பகலத்தைத் தீர்மானிக்கப் பயன்படுத்துவதற்கில்லை. தெருவோர மழைநீர் வடிகால்களுக்குக்கூட அவற்றைக் கீழ்வரம்பாக மட்டுமே கொள்ளலாம்.