தைராய்டுச் சாறும் உடல் மெலிவும்

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயை இருபுறமும் அணைத்தாற்போல் அமைந்திருக்கும் தைராய்டுச் சுரப்பி எந்த வேலைக்காக உள்ளது என்பதை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை மருத்துவர்களால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. அதன் சுரப்பு குறைந்தால் உடல் தளர்கிறது, குளிர் தாங்காமல் போகிறது, தோல் வறண்டு தடிக்கிறது, எடை கூடுகிறது என்பதெல்லாம் இன்று பரவலாக அறியப்பட்டவை; அந்தக் குறையை ஈடுசெய்யும் மாத்திரையும் எளிதில் கிடைக்கிறது. ஆயினும் அந்த மாத்திரை உடற்கொழுப்பைக் கரைத்துவிடும் என்ற எதிர்பார்ப்பு நோயாளிகளிடமிருந்து இன்னும் நீங்கியபாடில்லை. அதன் வேர் மருத்துவ வரலாற்றின் மிகச் சிறந்த வெற்றிகளுள் ஒன்றில் இருக்கிறது என்பதாலேயே அதை மருத்துவ நடைமுறையிலிருந்து களைவதற்கே முக்கால் நூற்றாண்டுக்கும் மேல் பிடித்தது.

1873இல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல், நடுவயதுப் பெண்கள் சிலரிடம் முகம் உப்பி, நாக்கு தடித்து, பேச்சும் சிந்தனையும் மந்தமாகிவரும் ஒரு நிலையை விவரித்தார். 1877இல் வில்லியம் ஆர்ட், இவ்வகை நோயாளி ஒருவரின் இறந்த உடலை ஆராய்ந்து, தோலுக்கடியில் சளி போன்ற ஒரு பொருள் மிகுந்து சேர்ந்திருப்பதைக் கண்டு, அந்நோய்க்கு மிக்சிடீமா, அதாவது சளிவீக்கம், என்று பெயரிட்டார். சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன அந்தப் பொருள் நீரைப் பெருமளவில் ஈர்த்துத் தன்னிடம் பிடித்துவைத்துக்கொள்ளும் இயல்புடையது என்பது பிற்கால உயிர்வேதியியல் காட்டிய செய்தி. ஆனால், நோயாளியின் உடலில் ஏறியிருந்த பளுவில் பெரும்பங்கு கொழுப்பால் ஆனதில்லை என்பதற்கான முதல் தடயம் ஆர்டின் கையிலேயே கிடைத்துவிட்டது. பின்னர் நேர்ந்த குழப்பம் முழுவதும் இந்தத் தடயத்தை மறந்ததால் நேர்ந்தது என்றே கருத வேண்டும்.

நோயையும் சுரப்பியையும் இணைத்துக் காட்டியது அறுவை மருத்துவம். சுவிட்சர்லாந்தின் மலைப்பகுதிகளில் அயோடின் பற்றாக்குறையால் கழுத்துக்கழலை மிகப் பரவலாக இருந்தது. பெர்ன் நகரின் தியோடர் கோக்கர் அக்கழலைகளை அகற்றுவதில் பெயர்பெற்றவர். சுரப்பியை முழுவதுமாக இழந்தவர்களுள் 18 பேரை அவர் மீண்டும் அழைத்துச் சோதித்தபோது, 16 பேர் உடல் வீங்கி, அறிவு மங்கி, நலிந்திருந்ததைக் கண்டு 1883இல் அதை மறைக்காமல் வெளியிட்டார். தம் அறுவையால் நேர்ந்த கேட்டைத் தாமே ஊரறியச் சொன்ன அந்த நேர்மை இல்லாவிட்டால் அடுத்த கட்டம் வெகுவாகத் தாமதப்பட்டிருக்கும். அதே ஆண்டில் லண்டனின் பெலிக்ஸ் செமோன் இவ்விரு நோய்நிலைகளும் ஒன்றே என்று வாதிட்டார். லண்டன் மருத்துவச் சங்கம் ஒன்று அமைத்த குழு நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி, 1888இல் அக்கருத்தை உறுதிப்படுத்தியது.

இல்லாததைக் கொடுத்தால் நோய் தீராதா என்ற கேள்வி இங்கிருந்து இயல்பாகவே எழுந்தது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் முர்ரே என்ற இளம் மருத்துவர் 1891இல் இதைச் செயலாக்கினார். புதிதாக வெட்டப்பட்ட செம்மறியாட்டின் தைராய்டைக் கொழுப்பு நீக்கிச் சிறு துண்டுகளாக நறுக்கி, கிளிசரினும் கார்பாலிக் அமில நீரும் கலந்த குப்பியில் ஒரு நாள் ஊறவைத்து, கொதிநீரில் இட்டெடுத்த மெல்லிய கைக்குட்டையில் வைத்துப் பிழிந்து, கலங்கலாக வடிந்த சாற்றை 46 வயதுப் பெண் ஒருவரின் தோள்பட்டைகளுக்கு இடையே ஊசிமூலம் செலுத்தினார். சில மாதங்களில் வீக்கம் வடிந்தது, முகம் பழைய வடிவுக்குத் திரும்பியது, பேச்சு தெளிந்தது. அந்தப் பெண் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து, 1919இல் தம் 74ஆம் வயதில் இறந்தார். அதுவரை அவர் உட்கொண்ட சாறு 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகளிலிருந்து பெறப்பட்டது என்று முர்ரே பின்னர் கணக்கிட்டு எழுதினார். உள்சுரப்பி ஒன்றின் குறையைப் பிற உயிரின் சுரப்பால் ஈடுசெய்து ஒருவரைப் பல்லாண்டுகள் வாழவைத்த முதல் மருத்துவம் இதுவே. இன்சுலின் வருவதற்கு இதன்பின் 30 ஆண்டுகள் ஆயின.

அடுத்த ஆண்டே ஊசியும் தேவையற்றுப்போனது. லண்டனில் ஹெக்டர் மெக்கென்சியும் பிளிமத் நகரில் பாக்ஸ் என்ற மருத்துவரும் சுரப்பியை வாய்வழியாகக் கொடுத்தாலே போதும் என்று தனித்தனியாகக் காட்டினர். பாக்ஸின் நோயாளி அதை இலேசாக வறுத்துப் பொடியாக நறுக்கி, பழக்கூழுடன் சேர்த்து உண்டார். விரைவில் உலர்த்திப் பொடித்த சுரப்பி மாத்திரை வடிவில் மருந்துக்கடைகளுக்கு வந்தது. இம்மருந்தைத் தொடங்கிய நோயாளிகளிடம் சிறுநீர் பெருகுவதையும், சில வாரங்களில் எடை மளமளவென இறங்குவதையும் மருத்துவர்கள் வியப்போடு பதிவுசெய்தனர். சளிப்பொருள் கரைய, அது பிடித்துவைத்திருந்த நீர் வெளியேறியதே அந்த இறக்கத்தின் பெரும்பகுதி. பார்த்தவர்கள் கண்ணில் பட்டதோ, தடித்திருந்தவர் மெலிந்தார் என்பது மட்டுமே.

தவறான முடிவு எட்டப்பட இரண்டே ஆண்டுகள் போதுமானவையாக இருந்தன. 1894இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் லைக்டென்ஸ்டெர்ன் என்பவரும், லண்டனில் யார்க்-டேவிஸ் என்பவரும், தைராய்டு நோய் ஏதுமின்றி வெறுமனே உடல் பருத்தவர்களுக்கு இம்மருந்தைக் கொடுத்து எடை குறைவதாக எழுதினர். 1895இல் பெர்லினின் அடால்ஃப் மாக்னஸ்-லெவி, தைராய்டு உட்கொண்டவரின் உடல் ஓய்வில் இருக்கும்போதும் கூடுதல் ஆக்ஸிஜனைச் செலவிடுவதை அளந்து காட்டினார். உயிர் தரித்திருப்பதற்கு மட்டும் உடல் செலவிடும் இந்த ஆற்றலே அடிப்படை வளர்சிதை மாற்ற வீதம் எனப்படுகிறது. உடல் கூடுதலாக எரிக்கிறது என்றால் எரிவது கொழுப்புதான் என்று கருதுவது எளிதாக இருந்தது. ஆனால், அதே பத்தாண்டில் சிறுநீரில் வெளியேறும் நைட்ரஜனை அளந்த ஆய்வுகள், கொழுப்போடு தசைப் புரதமும் சிதைந்து கழிகிறது என்பதைக் காட்டின. இதயப் படபடப்பும் கைநடுக்கமும் தூக்கமின்மையும் அப்போதே அறியப்பட்டிருந்தன. எச்சரிக்கை கையில் இருக்கும்போதே மருந்து பரவியது என்பது இந்த வரலாற்றின் வருந்தத்தக்க பகுதி.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்ல் ஃபான் நோர்டன், உடற்பருமனை மிகை உணவால் வருவது, உடலின் உள்கோளாறால் வருவது என இரண்டாகப் பிரித்து, இரண்டாவது வகைக்குத் தைராய்டு மந்தத்தைக் காரணமாகச் சுட்டினார். இதனால், சுரப்பியில் எக்குறையும் காணப்படாதவர்களும் மறைமுகமான தைராய்டு நோயாளிகளாகக் கருதப்படலாயினர். அமெரிக்காவில் இக்கருத்தை விளம்பரத்தொழில் கையிலெடுத்துக்கொண்டது. உலர் தைராய்டு அடங்கிய மார்மோலா என்ற மாத்திரை, உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் இல்லாமலே மெலியலாம் என்ற உறுதிமொழியுடன், மருத்துவர் சீட்டின்றிப் பல ஆண்டுகள் விற்கப்பட்டது. 1906ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம் நோய்க்கான மருந்துகளையே கட்டுப்படுத்தியது. உடற்பருமன் அன்று சட்டத்தின் பார்வையில் நோயாகாததால் அம்மாத்திரை அதன் பிடிக்கு வெளியே நின்றது. கூட்டாட்சி வணிக ஆணையம், பாதுகாப்பானது என்று விளம்பரம் செய்வதை நிறுத்தும்படி ஆணையிட்டபோது, அதைத் தயாரித்த ராலடம் நிறுவனம் வழக்காடியது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1931இல் ஆணையத்தின் ஆணையை ஏற்க மறுத்தது. மாத்திரை தீங்கற்றது என்பது அத்தீர்ப்பின் அடிப்படை ஆகாது; போட்டி வணிகர்களுக்கு இழப்பு நேர்ந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே காரணம். வாங்கி உண்டவரின் இதயத்துக்கு நேரும் கேடு அன்றைய சட்டத்தின் கணக்கில் வரவில்லை. 1938இல் நிறைவேறிய புதிய சட்டங்கள் அந்த இடைவெளியை அடைத்தன. 1942இல் உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. மாத்திரைப் பொட்டலங்களை அரசு பறிமுதல் செய்தது செல்லும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1944இல் கூறியது.

இதே காலத்தில், உடலின் எரிப்பைத் தைராய்டு இல்லாமலே தூண்டும் டைநைட்ரோஃபீனால் என்ற வேதிப்பொருளும் 1933 முதல் மெலிவு மருந்தாக விற்கப்பட்டு, கண்புரையையும் உயிரிழப்புகளையும் விளைவித்து, 1938க்குப் பின் விலக்கப்பட்டது.

மருத்துவ உலகுக்குள் இருந்தே எழுந்த மறுப்புகளுள் மிகக் கூர்மையானது மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் லூயி நியூபர்குடையது. அளந்த உணவு கொடுத்தும் எடை இறங்காத நோயாளிகளைக் காட்டி, அவர்களுடைய உடல் வேறு விதிக்குக் கட்டுப்பட்டது என்று சொல்வது அன்றைய வழக்கம். நியூபர்கும் மார்கரெட் ஜான்ஸ்டனும் 1930இல் வெளியிட்ட ஆய்வுகளில் உட்கொள்ளும் நீரையும் வெளியேறும் நீரையும் சேர்த்துக் கணக்கிட்டு, கொழுப்பு கரையும்போதே உடல் சிலகாலம் நீரைத் தேக்கிக்கொள்வதால் தராசின் முள் அசையாமல் நிற்கிறது என்றும், பின்னர் அந்நீர் வடிந்ததும் எடை கணக்கிட்டபடியே இறங்குகிறது என்றும் காட்டினர். மிக்சிடீமா நோயாளியின் திடீர் எடையிறக்கமும் இந்நோயாளிகளின் எடைத் தேக்கமும், எதிரெதிராகத் தோன்றினாலும், நீரையும் கொழுப்பையும் பிரித்துப் பார்க்காத ஒரே பிழையால் தவறாக விளக்கப்பட்டவை.

இவ்வளவு தெளிவு கிடைத்த பின்னரும் 1940களிலிருந்து 1960கள் வரை அமெரிக்காவில் வானவில் மாத்திரைகள் என்ற பெயரில் இன்னும் கொடிய ஒரு வழக்கம் வளர்ந்தது. பல வண்ண மாத்திரைகளை எடை குறைக்கும் மருத்துவமனைகள் நேரடியாகவே வழங்கின. அவற்றுள் பசியை அடக்கும் ஆம்ஃபிடமைன், உலர் தைராய்டு, சிறுநீர் பெருக்கி, பேதி மருந்து, இவற்றால் எழும் பதற்றத்தை அடக்க உறக்க மருந்து, இதயத்துக்கான டிஜிட்டாலிஸ் ஆகியவை கலந்திருந்தன. சிறுநீர் பெருக்கியும் பேதி மருந்தும் உடலின் பொட்டாசியத்தை வெளியேற்ற, அது குறைந்த இதயத்தில் டிஜிட்டாலிஸின் நச்சுத்தன்மை மிகுந்து, தைராய்டும் ஆம்ஃபிடமைனும் இதயத்தை மேலும் விரட்ட, துடிப்பு சீர்குலைந்து இறந்தவர்கள் உண்டு. 1968இல் லைஃப் இதழின் செய்தியாளர் சூசன்னா மெக்பீ, தாம் பருமனாக இல்லாதபோதும் பத்து மருத்துவர்களிடம் சென்று 1,479 மாத்திரைகளைப் பெற்றுவந்ததை எழுதினார். அதே ஆண்டு செனட் அவையின் விசாரணையும் நடந்தது. பருமனுக்கோ எடைக் குறைப்புக்கோ தைராய்டு மருந்தைப் பயன்படுத்தலாகாது, வழக்கமான அளவில் அது பயன்தராது, பெரிய அளவில் உயிருக்கே ஆபத்து என்ற கட்டமிட்ட எச்சரிக்கை பின்னர் அமெரிக்காவில் மருந்துக் குறிப்புத்தாள்களில் கட்டாயமாக்கப்பட்டது.

மருந்தும் இதற்குள் மாறிவிட்டிருந்தது. எட்வர்ட் கெண்டல் 1914 கிறிஸ்துமஸ் நாளன்று மேயோ மருத்துவமனையின் ஆய்வகத்தில் தைராக்சினைப் படிகமாகப் பிரித்தார். ஏறத்தாழ மூன்று டன் பன்றித் தைராய்டிலிருந்து அவருக்குக் கிடைத்தது 33 கிராம். 1927இல் சார்லஸ் ஹாரிங்டனும் ஜார்ஜ் பார்கரும் அதைச் செயற்கையாகத் தொகுத்தனர். 1950களில் விற்பனைக்கு வந்த லெவோதைராக்சின் மாத்திரை பரவியதும், ஆட்டுக்கு ஆடு வேறுபட்ட சாற்றின் இடத்தில் மைக்ரோகிராம் கணக்கில் அளந்து தரும் மருந்து வந்தது. மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைத் தூண்டுவதற்காகச் சுரக்கும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை இரத்தத்தில் நுட்பமாக அளக்கும் முறை அடுத்த பத்தாண்டுகளில் வந்ததால், யாருக்கு உண்மையிலேயே குறை உள்ளது, கொடுத்த அளவு போதுமா, மிஞ்சியதா என்பவற்றைத் தராசைப் பார்த்து ஊகிக்க வேண்டிய நிலை ஒழிந்தது.

1970களில் பழைய ஆசை புதிய வடிவில் ஒருமுறை தலைதூக்கியது. கடுமையாக உணவைக் குறைப்பவரின் உடலில், செல்களில் நேரடியாக வேலைசெய்யும் டி3 என்ற தைராய்டு ஹார்மோன் தானாகவே குறைந்து, ஆற்றல் செலவு சுருங்குகிறது என்று கண்டறியப்பட்டது. பஞ்சகாலத்தில் உயிரைக் காக்கும் இந்த ஏற்பாட்டைக் குறையாகக் கருதி, பட்டினிச் சிகிச்சையில் இருந்தவர்களுக்கு டி3 கொடுத்துப் பார்த்தபோது, 1890களில் கண்டதே மீண்டும் தெரிந்தது: புரத இழப்பு கூடியது, தசை கரைந்தது.

தைராய்டு குறைபாட்டால் மட்டும் ஏறும் எடை பெரும்பாலும் 2 முதல் 4.5 கிலோ வரைதான் என்றும், அதிலும் பெரும்பங்கு உப்பும் நீரும் என்றும் இன்றைய மருத்துவம் கொள்கிறது. மாத்திரை முறையாக வேலைசெய்யத் தொடங்கியதும் இறங்குவது அந்தப் பங்கு. எஞ்சியது, சுரப்பி நலமாக உள்ளவருக்குப் போலவே, உணவாலும் நடையாலும் மெல்ல இறங்க வேண்டியது. சோர்வாலும் மூட்டுவலியாலும் அவதிப்படும் ஒருவரிடம் இது கடினமான செய்திதான். அவரது முயற்சிக் குறைவாக இதைக் காட்டும் உரிமை எவருக்கும் இல்லை. வெறும் வயிற்றில், காலை உணவுக்கும் காப்பிக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக மாத்திரையை விழுங்குவதும், இரும்பு, கால்சியம் மாத்திரைகளை நான்கு மணி நேரமாவது தள்ளிவைப்பதும் மருந்து குடலில் சரியாக ஏறுவதற்கான ஏற்பாடுகள். தைராக்சின் இரத்தத்தில் பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ ஒரு வாரம் ஆவதால், அளவை மாற்றியபின் ஆறு முதல் எட்டு வாரங்கள் பொறுத்தே டி.எஸ்.எச். பார்க்கப்படுகிறது. எடை விரைவில் இறங்கட்டும் என்று அளவைத் தாமே கூட்டிக்கொள்பவருக்கு இதயத் துடிப்புச் சீர்கேடும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்புத் தேய்வும் நேரலாம். தேவையான அளவு உடல் எடையைப் பொறுத்தே அமைவதால், நல்ல முறையில் கணிசமாக மெலிந்தவருக்கு முன்பு பொருத்தமாக இருந்த அளவே மிகையாகிவிடக்கூடும். அப்போதும் இரத்தத்தைச் சோதித்து மருத்துவரே அளவைத் திருத்த வேண்டும்.