சிங்கப்பூர்: குழாயும் அபராதமும் வளர்த்த பழக்கம்

சிங்கப்பூரின் இன்றைய தெருத்தூய்மை பெரும்பாலும் 1960களுக்குப் பின் வந்தது. அதற்கு முன் நகர நடுவில் கடைவீடுகள் நெருக்கியடித்து நின்றன. சைனாடவுனில் ஒரே அறையில் ஒரு குடும்பம் வாழ்வது சாதாரணம். தெருவோர உணவு வண்டிகளுக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை. ஒரு வாளித் தண்ணீரிலேயே கிண்ணங்களையெல்லாம் அலசி, மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டுவார்கள். அது ஆற்றில் போய்ச் சேரும். கழிவுநீர்க் குழாய் எட்டாத வீடுகளில் வாளிக் கக்கூஸ்தான். தொழிலாளர்கள் நிறைந்த வாளியை எடுத்து, காலி வாளியை வைத்து, சிறு கதவுகள் பல கொண்ட லாரியில் கதவுக்கொரு வாளியாக ஏற்றிச் சென்றனர். தெரு கூட்டும் வேலையில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் பெருமளவில் இருந்தனர்.

மாற்றம் வீட்டில் தொடங்கியது. 1960இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், குழாய்த் தண்ணீரும் தண்ணீர் ஊற்றும் கழிவறையும் உள்ள அடுக்குமாடி வீடுகளைக் கட்டியது. மக்கள் அங்கே குடியேறக் குடியேற வாளிகள் குறைந்தன. 1987 ஜனவரியில் அந்த முறை அடியோடு ஒழிந்தது.

1968 அக்டோபரில் பிரதமர் லீ குவான் இயூ தூய்மை இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் பிரசாரம் நடந்தது. அதே ஆண்டு இயற்றப்பட்ட சுற்றுப்புறப் பொதுச் சுகாதாரச் சட்டம், கண்ட இடத்தில் குப்பை போடுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. கொசு வளர இடம்கொடுக்கும் வீட்டுக்காரர் மீதும் தனிச் சட்டம் பாய்ந்தது.

தெருவோர வியாபாரிகளைத் துரத்தினால் அடுத்த தெருவில் கடை விரிப்பார்கள் என்பதை அரசு அறிந்திருந்தது. எனவே முதலில் அவர்களைப் பதிவு செய்து உரிமம் கொடுத்தது. 1971 முதல் 1986 வரை தண்ணீர், சாக்கடை, குப்பை அள்ளும் ஏற்பாடு ஆகியவற்றுடன் உணவங்காடி நிலையங்களைக் கட்டி, அவர்களை அங்கே மாற்றியது. 1977இல் லீ பத்தாண்டுக் கெடு விதித்து, சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் சுத்தப்படுத்தச் சொன்னார். ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் இடம் மாறின. பன்றி, வாத்துப் பண்ணைகள் அகன்றன. சரக்குப் படகுகள் 1983இல் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. 1987இல் பணி முடிந்தது. ஆறு தெளிந்தாலும், பிழைப்பையும் பழகிய இடத்தையும் இழந்தவர்கள் அதற்கு விலை கொடுத்தார்கள்.

வசதிகள் வந்த பிறகு விதிகள் சின்னஞ்சிறு செயல்களையும் தொட்டன. மின்தூக்கிக்குள் சிறுநீர் கழிப்போரைப் பிடிக்க 1980களில் உணர்கருவி பொருத்தப்பட்டது. ஈரம் பட்டதும் மின்தூக்கி நின்றுவிடும்; அதிகாரிகள் வந்து திறக்கும்வரை ஆள் உள்ளேதான். 1989இல் பொதுக் கழிவறையில் தண்ணீர் ஊற்றாமல் போவதற்கு அபராதம் வந்தது. 1992இல் சூயிங்கம் விற்பனை தடைசெய்யப்பட்டது. ரயில் கதவுகளில் ஒட்டிய கம் சேவையையே நிறுத்தியது அதற்கு ஒரு காரணம். அடுத்த ஆண்டு முதல், குப்பை போட்டு அகப்பட்டவர்கள் பளிச்சென்ற மேல்சட்டை அணிந்து, பலர் பார்க்கப் பொது இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று.

ஆனாலும் விதி இல்லாத இடத்தில் பழக்கம் தானாக வளரவில்லை. உணவங்காடிகளில் சாப்பிட்ட தட்டை எடுத்துவைக்கும்படி பல ஆண்டுகள் வேண்டுகோள் விடுத்தும் பலர் மேசையிலேயே விட்டுச் சென்றனர். எடுக்கத் துப்புரவாளர் இருந்தார். தட்டு வைக்கும் அடுக்குகளை நிறுவிய அரசு, 2021 செப்டம்பரில் எடுத்துவைப்பதைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகே மேசைகள் பெரும்பாலும் காலியாகின. சிங்கப்பூரின் தூய்மையில் பெரும்பங்கு, விடியுமுன் தெருவுக்கு வரும் துப்புரவுத் தொழிலாளர்களுடையது என்பதை அந்நாட்டுத் தலைவர்களே ஒப்புக்கொண்டுள்ளனர்.

சிங்கப்பூரைப் பற்றிப் பேசுவோர் அபராதத்தையே முதலில் சொல்கிறார்கள். வரலாற்றில் குழாயும் கழிவறையும் முந்தின. அபராதம் அவற்றின் பின்னால் வந்தது. கடைப்பிடிக்க வழி செய்துகொடுத்த பிறகு விதித்ததால்தான் அந்த விதிகள் பழக்கமாயின.