அரசுப் பணி நியமனத்தில் இணையவழி விண்ணப்பம்

இணையவழி விண்ணப்ப முறை என்பது, அரசுப் பணிக்கான அறிவிக்கை வெளியானது முதல் கட்டணம், நுழைவுச்சீட்டு, விடைக்குறிப்பு, சான்றிதழ் பதிவேற்றம் வரை விண்ணப்பதாரருக்கும் தேர்வு அமைப்புக்கும் இடையிலான வேலைகளை இணையதளத்தின் வழியே நடத்தும் ஏற்பாடு. தமிழ்நாட்டில் இதை மிகப் பெரிய அளவில் நடத்துவது தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம். மக்கள் வழக்கில் டிஎன்பிஎஸ்சி. ஆசிரியர், மருத்துவப் பணியாளர், காவலர் ஆகியோரைத் தேர்ந்தெடுக்கும் தனி வாரியங்களும் இன்று இணையவழியிலேயே விண்ணப்பம் பெறுகின்றன. விண்ணப்பம் பெறும் வேகத்தை இம்முறை பல மடங்கு கூட்டியிருக்கிறது. நியமன ஆணை கைக்கு வரும் வேகம் அதே அளவுக்குக் கூடவில்லை. இந்த இடைவெளிக்கான காரணம் நடைமுறையின் அமைப்பிலேயே இருக்கிறது.

முன்வரலாறு

1929ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான சென்னைப் பணியாளர் தேர்வாணையமே இந்திய மாகாணங்களில் அமைந்த முதல் தேர்வாணையம். 1970இல் அது இன்றைய பெயரைப் பெற்றது. தேர்வு நடத்துவதை அதன் கடமையாக்குவது அரசமைப்புச் சட்டத்தின் 320ஆம் உறுப்பு. முன்பு கிரீம்ஸ் சாலையிலும் அண்ணா சாலை ஓமந்தூரார் அரசினர் தோட்டத்திலும் இயங்கிய அலுவலகம் இப்போது பூங்கா நகரில், பிரேசர் பாலச் சாலையில் உள்ளது.

தேர்வாணையத்துக்கு இணையாக இன்னொரு வழியும் நெடுங்காலம் இருந்தது. அது வேலைவாய்ப்பு அலுவலகம். காலியிடங்களைக் கட்டாயமாகத் தெரிவிக்கச் சொல்லும் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், பதிவு மூப்புப்படி பெயர்ப் பட்டியல் அனுப்பப்பட்டது. சாந்தோமில் இயங்கிய வேலைவாய்ப்பு அலுவலகத்தின் முன், பள்ளித் தேர்வு முடிவு வந்த நாள்களில் நீண்ட வரிசைகள் நின்றன. பதிவு அட்டையை மூன்று ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க மறந்தால் மூப்பு போய்விடும். பத்து, பதினைந்து ஆண்டுகள் அட்டையைப் பத்திரப்படுத்திக் காத்திருந்த குடும்பங்கள் சென்னையில் தெருவுக்குத் தெரு உண்டு. வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலை மட்டும் நம்பாமல் பொது விளம்பரமும் கொடுக்க வேண்டும் என்று 1996இல் விஸ்வேஸ்வர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதன் பிறகு நேரடி விண்ணப்பத்தின் பங்கு வளர்ந்தது. விண்ணப்பங்களின் எண்ணிக்கையும் ஏறியது.

தாள் விண்ணப்பக் காலத்தில் படிவம் அச்சாக வேண்டும், விற்பனைக்குப் போக வேண்டும், பூர்த்தியாகித் தபாலில் திரும்ப வேண்டும். உறை பிரித்து, எண்ணிட்டு, கட்டண ரசீதைச் சரிபார்த்து, விவரங்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். தகுதியில்லாதவை நிராகரிக்கப்பட்டு, மற்றவர்களுக்கே நுழைவுச்சீட்டு தபாலில் போகும். சீட்டு வராதவர்கள் நேரில் வந்து கேட்பார்கள். தேர்வுக்கு முன்னாலேயே மாதக்கணக்கான எழுத்தர் வேலை இது. 2010களின் தொடக்கத்தில் இணையவழி விண்ணப்பம் வழக்கத்துக்கு வந்தபோது, இந்த வேலையில் பெரும்பகுதி ஒரேயடியாக மறைந்தது.

செயல்படும் விதம்

முதல் படி ஒருமுறைப் பதிவு. பெயர், பிறந்த தேதி, சாதிப் பிரிவு, கல்வி முதலிய மாறாத விவரங்களை ஒரு முறை பதிந்து 150 ரூபாய் கட்டினால், அந்தக் கணக்கு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். இதையே விண்ணப்பம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் ஏராளம். பதிவு வேறு, ஒவ்வொரு அறிவிக்கைக்கும் தனியாகச் செய்யும் விண்ணப்பம் வேறு. தேர்வுக் கட்டணமும் தனி. குரூப் 4 தேர்வுக்கு அது 100 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆதரவற்ற விதவைகள் ஆகியோருக்கு முழு விலக்கு உண்டு. பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் மூன்று முறை விலக்கு. இந்தச் சலுகையை எத்தனை முறை பயன்படுத்தினோம் என்பதை விண்ணப்பதாரரே சரியாகச் சொல்ல வேண்டும்.

புகைப்படம் 20 முதல் 50 கிலோபைட், கையொப்பம் 10 முதல் 20 கிலோபைட் அளவுக்குள் இருக்க வேண்டும். கேட்கச் சின்ன நிபந்தனைதான். கைப்பேசியில் எடுத்த படத்தைச் சுருக்கத் தெரியாதவர்களைப் பிரௌசிங் சென்டருக்கு அனுப்புவதும் இதுவே. கடைசி நாள் இரவு தியாகராய நகரிலோ மயிலாப்பூரிலோ அப்படி ஒரு கடையில் நின்று பார்த்தால் முறையின் முழு உருவமும் தெரியும். வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் போட்ட கையெழுத்து ஸ்கேனரின் கண்ணாடியில் கவிழ்கிறது. திரையில் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஓ.டி.பி. வர வேண்டிய கைப்பேசி வீட்டில், அப்பாவிடம் இருக்கிறது. கடைக்காரர் ஐந்து பேருக்கு ஒரே நேரத்தில் தட்டச்சு செய்கிறார். அவர் தவறாகத் தட்டும் ஒரு எழுத்து, ஓர் ஆண்டு கழித்துச் சான்றிதழ் சரிபார்ப்பில் வந்து நிற்கும். கடைசி நாளுக்குப் பின் சில நாள்கள் திருத்தச் சாளரம் திறக்கப்படுவது இதனால் பெரிய உதவி.

தமிழ்ப் பெயர்முறையே ஒரு சிக்கல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இனிஷியலோடு ஒரு பெயர் இருக்கும். ஆதாரில் இனிஷியல் விரிந்து தந்தை பெயர் பின்னால் ஒட்டியிருக்கும். சாதிச் சான்றிதழில் தமிழில் வேறோர் எழுத்துக்கூட்டல். மூன்றும் ஒரே ஆளைக் குறிப்பதாக ஒரு தாசில்தார் புரிந்துகொள்வார், கணினி புரிந்துகொள்ளாது. திருமணமான பெண்கள் தந்தை பெயரில் பெற்ற சாதிச் சான்றிதழையே தர வேண்டும் என்பது விதி. கணவர் பெயரில் வாங்கியது செல்லாது. விதியின் காரணம் நியாயமானது, சாதி பிறப்பால் கணிக்கப்படுகிறது. ஆனால் அந்த வரி அறிவிக்கையின் பல பத்திகளுக்கு நடுவில் புதைந்திருப்பதால் பலருக்குக் கடைசியில்தான் தெரிகிறது.

விண்ணப்பம் முடிந்ததும் பதிவு எண் வரும். தேர்வுக்குச் சில நாள் முன்பு நுழைவுச்சீட்டை இணையதளத்தில் பதிவிறக்கலாம். தேர்வு பெரும்பாலும் ஓஎம்ஆர் தாளில், கறுப்பு மைப் பேனாவில் வட்டம் நிரப்பி எழுதப்படுகிறது. உத்தேச விடைக்குறிப்பு இணையதளத்தில் வெளியாகும், ஆட்சேபங்களையும் அங்கேயே தெரிவிக்கலாம். தேர்ச்சி பெற்றோர் சான்றிதழ்களைப் பதிவேற்றுவர். 2018 காலத்தில் இதற்காக அரசு இ-சேவை மையத்துக்குப் போக வேண்டியிருந்தது. பிறகு சொந்தக் கணக்கிலிருந்தே ஏற்றலாம் என்றானது. கலந்தாய்வு இன்றும் நேரில் நடக்கிறது.

வேகம் வந்த இடமும் வராத இடமும்

இம்முறையின் மையமான மாற்றம் தகுதிச் சோதனையின் இடம் மாறியதுதான். தாள் காலத்தில் சான்றிதழ் நகல் விண்ணப்பத்தோடு வந்தது. சோதனை முன்னால், தேர்வு பின்னால். இணையவழியில் விண்ணப்பதாரர் சொல்வதை அப்படியே ஏற்று எல்லோரையும் தேர்வெழுத அனுமதிக்கிறார்கள். காலியிட விகிதத்துக்குள் வந்தவர்களின் ஆவணங்களை மட்டும் பிறகு பார்க்கிறார்கள். இருபது லட்சம் பேருக்குப் பதில் சில ஆயிரம் பேரின் ஆவணங்களைப் பார்த்தால் போதும் என்பதால் காலம் மிச்சமாகிறது. இந்த மிச்சத்துக்கு விலை கொடுப்பவர் தவறான விவரத்தோடு தேர்ச்சி பெற்றவர். தாள் காலத்தில் நுழைவுச்சீட்டுக்கு முன்பே வந்த நிராகரிப்பு, இப்போது ஓராண்டு படிப்புக்கும் நம்பிக்கைக்கும் பிறகு வருகிறது.

குரூப் 4 தேர்வின் அளவு இதை விளக்கும். இளநிலை உதவியாளர், தட்டச்சர், கிராம நிர்வாக அலுவலர் முதலிய பணிகளுக்குப் பத்தாம் வகுப்புத் தகுதியில் நடக்கும் தேர்வு இது. 2022இல் 7,301 காலியிடங்களுக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்தனர். தேர்வு நடந்தது ஜூலை 24, முடிவு வந்தது 2023 மார்ச் 24. எட்டு மாதம். முடிவைக் கேட்டுத் தேர்வர்கள் சமூக ஊடகங்களில் குரல் எழுப்பினர். 2024இல் 6,244 இடங்களுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். ஜூன் 9 தேர்வின் முடிவு அக்டோபர் 28இல் வந்தது. 2025இல் ஜூலை 12 தேர்வின் முடிவு அக்டோபரிலேயே வெளியானது. மூன்று தேர்வுகளிலும் விண்ணப்பப் பகுதி ஒரே மாதிரிதான், ஏறக்குறைய ஒரு மாதம். குறைந்தது பின்பகுதியின் காலம். ஆக, முடிவு விரைந்து வந்ததற்கான பெருமை விண்ணப்பத் தளத்துக்கு உரியதன்று. விடைத்தாள் மதிப்பீட்டுக்கும் அதற்கு ஒதுக்கப்பட்ட ஆள்பலத்துக்கும் உரியது.

மதிப்பெண் வந்த பிறகும் கணக்கு எளிதல்ல. 69 சதவீத இட ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோர் 26.5, இஸ்லாமியர் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் 20, பட்டியல் சாதியினர் 18, அதற்குள் அருந்ததியர் 3, பழங்குடியினர் 1 என்று பிரிவுகள். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பெண்களுக்கு 30 சதவீதம், தமிழ்வழியில் படித்தோருக்கு 20 சதவீதம். இவை 200 புள்ளி இனச்சுழற்சியில் பொருந்த வேண்டும். தமிழ்வழிச் சலுகைக்கு முதல் வகுப்பிலிருந்தே தமிழில் படித்திருக்க வேண்டும் என்று 2020இல் சட்டம் திருத்தப்பட்டது. மூடிப்போன பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படித்தவர் அந்தச் சான்றிதழுக்காகக் கல்வி அலுவலகங்களுக்கு அலைகிறார். அந்த அலைச்சலை எந்த இணையதளமும் குறைத்ததில்லை. ஒரு பிரிவின் கணக்கை எதிர்த்து நீதிமன்றத்தில் வழக்கு வந்தாலும் பட்டியல் முழுவதும் நிற்க நேரும்.

முறைகேடும் அடையாளமும்

2019 செப்டம்பர் 1இல் நடந்த குரூப் 4 தேர்வில் இராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் முன்னிலை இடங்களை அள்ளினர். சில மணி நேரத்தில் மறையும் மையில் விடையளித்த தாள்கள் பிறகு திருத்தப்பட்டது தெரியவந்தது. 2020 ஜனவரியில் 99 பேருக்குத் தேர்வாணையம் வாழ்நாள் தடை விதித்தது. வழக்கைச் சிபிசிஐடி எடுத்தது. ஓட்டை இருந்தது இணையதளத்தில் அன்று, தாள் பயணம் செய்த வழியில். விண்ணப்பம் மின்னணு வடிவிலும் விடைத்தாள் காகிதத்திலும் இருக்கும் கலப்பு முறையில் காகிதப் பகுதியே பலவீனமான கண்ணி. பின்னர் ஒருமுறைப் பதிவில் ஆதார் எண் கட்டாயமானது. விடைத்தாளில் இடது பெருவிரல் ரேகை வந்தது. விடை தெரியாத கேள்விக்கு நிரப்ப ஐந்தாவது வட்டமும் சேர்ந்தது. வெற்றிடம் விட்டால் பிறகு யாராவது நிரப்பலாம் என்பதை அந்த ஒரு வட்டம் அடைத்துவிட்டது. எளிய, நல்ல தீர்வு.

மத்திய, தென் சென்னையின் அமைப்புகள்

தேர்வு வாரியங்கள் பலவும் நகரின் நடுவே உள்ளன. ஆசிரியர் தேர்வு வாரியம் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில். 2012இல் தொடங்கிய மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில். சீருடைப் பணியாளர் வாரியம் எழும்பூரில். ஒவ்வொன்றுக்கும் தனி இணையதளம், தனிப் பதிவு. ஒரே மாநிலத்தில் ஒரே ஆள் தன் பிறந்த தேதியையும் சாதியையும் பல முறை பதிகிறார். பொதுத்துறை நிறுவனங்களின் ஆள்சேர்ப்பையும் தேர்வாணையத்துக்குக் கொண்டுவர 2022இல் சட்டம் இயற்றப்பட்டது. இச்சிதறலைக் குறைக்கும் திசையில் அது ஒரு படி.

விண்ணப்பித்தவர்கள் படிக்குமிடங்களும் இதே பகுதியில் திரண்டிருக்கின்றன. கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதி காலையிலேயே நிரம்பிவிடுகிறது. ராஜா அண்ணாமலைபுரத்தில் மாநில அரசின் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையமும் அண்ணா மேலாண்மை நிலையமும் அமைந்துள்ளன. அடையாறு, மயிலாப்பூர் விடுதி அறைகளில் தங்கிப் படிக்கும் வெளி மாவட்ட இளைஞர்களுக்கு, முடிவு தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் இன்னொரு மாத வாடகை, மெஸ் பில். வயதும் நிற்பதில்லை. கொரோனாவால் தேர்வுகள் முடங்கியதற்கு ஈடாக 2021இல் அரசு வயது வரம்பை இரண்டு ஆண்டு உயர்த்தியது இதை உணர்ந்துதான்.

பிற இடங்களில்

ரயில்வே தேர்வு வாரியங்கள் 2019இல் அறிவித்த தொழில்நுட்பம் சாராப் பணிகளுக்கு 35,000 இடங்களுக்கு ஒன்றேகால் கோடி பேர் இணையவழியில் விண்ணப்பித்தனர். விண்ணப்பமும் கணினி, தேர்வும் கணினி. ஆனாலும் முதல் கட்டத் தேர்வு தொடங்கியதே 2020 டிசம்பரில்தான். மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2022 ஆகஸ்டில் ஒருமுறைப் பதிவைக் கொண்டுவந்தது. அமெரிக்க மத்திய அரசு, பணியிடம் தேவை என்று உணர்ந்த நாளிலிருந்து ஆள் வந்து சேரும் நாள்வரை 80 நாள் என்று 2008இல் ஓர் இலக்கு வைத்தது. அந்த இலக்கு விண்ணப்பத்தை மட்டும் அளக்காமல் எல்லாக் கட்டங்களுக்கும் தனித்தனி நாள் ஒதுக்கியது. 2010இல் நீண்ட கட்டுரைக் கேள்விகளையும் முதல் கட்டத்திலிருந்து நீக்கினார்கள்.

தமிழ்நாட்டில் தேர்வாணையத்தின் ஆண்டுத் திட்ட அட்டவணை, அறிவிக்கை வரும் காலத்தையும் தேர்வு நாளையும் முன்னரே சொல்கிறது. சாதி, வருமானம், இருப்பிடச் சான்றிதழ்களை வருவாய்த் துறை இப்போது இ-சேவை வழியாக எண்ணிட்டு மின்வடிவில் வழங்குகிறது. அந்த எண்ணை விண்ணப்ப நேரத்திலேயே வருவாய்த் துறைப் பதிவோடு ஒப்பிட்டால், பெயரில் எழுத்து மாறியிருப்பதும் கணவர் பெயரில் சான்றிதழ் இருப்பதும் முதல் நாளே திரையில் தெரிந்துவிடும். திருத்துவதற்கு அப்போது ஒரு மாதம் கையில் இருக்கும்.