கைம்பெண்ணின் பாதி: மானிட்டோபா மெனொனைட் பண்ணைகளில் மனைவியின் சொத்துரிமை (1874–1930கள்)

1874 ஆகஸ்ட் 1 அன்று தென் ரஷ்யாவிலிருந்து, அதாவது இன்றைய உக்ரைனிலிருந்து வந்த, மெனொனைட் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பங்களின் முதல் குழு, கனடாவின் மானிட்டோபாவில் ரெட் ஆறும் ராட் ஆறும் கூடும் இடத்தில் நீராவிப் படகிலிருந்து கரையிறங்கியது. ஆயுதம் ஏந்துவதைச் சமயநெறியாகவே மறுத்த இம்மக்களை ரஷ்யாவின் கட்டாய இராணுவச் சேவைத் திட்டம் அச்சுறுத்தியது. கனடா அரசோ படைச்சேவை விலக்கும் தனி நிலப்பகுதியும் தருவதாக 1873இல் எழுத்து மூலம் உறுதியளித்திருந்தது. 1870களின் இறுதிக்குள் ஏறத்தாழ 7,000 பேர் அங்கே குடியேறினர்.

இக்குடியேற்றத்தின் பழைய வரலாறுகள் பண்ணை மனைவியை ஓயாத உழைப்பாளியாகவே காட்டின. அது பொய்யில்லை. புல்பத்தைகளால் கூரை வேய்ந்த மண்குடிலில் முதல் குளிர்காலத்தைக் கழித்தவள் அவள். பால் கறந்து, வெண்ணெய் கடைந்து, மரமில்லாப் புல்வெளியில் சாணத்தை உலர்த்தி வறட்டியாக்கி அடுப்பெரித்தாள். பன்றி அறுக்கும் நாளில் அக்கம்பக்கப் பெண்களோடு கொழுப்பு உருக்கினாள். இத்தனைக்கும் இடையில் பிள்ளைகளையும் பெற்றாள். கணவன் கூலிவேலைக்கு வெளியூர் போன மாதங்களில் அவள் விற்ற முட்டையும் வெண்ணெயுமே வீட்டுக்கு ரொக்கம் தந்தன. வரலாற்றாசிரியர்கள் ராய்டன் லோவன், மார்லின் எப் ஆகியோரின் ஆய்வுகள் இவ்வுழைப்பைக் குடும்பப் பொருளாதாரத்தின் நடுவே வைத்தன. ஆனால் அவள் உழைத்தவள் மட்டுமல்லள், உடைமையாளரும் கூட. அவளது வாழ்வை விளங்கிக்கொள்ள இதுவே முதன்மையான திறவுகோல் என்பது இக்கட்டுரையின் கருத்து.

கனடாவின் சட்டம் அவளை உடைமையாளராகக் கருதவில்லை. 1872ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி 160 ஏக்கர் நிலம் குடும்பத் தலைவருக்கு உரியது. கணவன் இருக்கையில் மனைவி மனுச் செய்ய இயலாது. கணவனின் நிலத்தில் கைம்பெண்ணுக்கு இருந்த பழைய ஆங்கிலேய உரிமையையும் மானிட்டோபா 1885இல் நீக்கியது.

மெனொனைட் வழக்கமோ, அவர்கள் ரஷ்யா செல்லுமுன் இன்றைய போலந்தின் விஸ்துலா ஆற்றுக் கழிமுகத்தில் வாழ்ந்த காலத்திலிருந்தே வேறாக இருந்தது. கணவன் இறந்தால் குடும்பச் சொத்தில் பாதி மனைவிக்கு. மறுபாதி பிள்ளைகளுக்கு, மகன் மகள் வேறுபாடின்றிச் சமமாக. மனைவி முந்தி இறந்தாலும் இதே கணக்குதான்: அவளது பாதி பிள்ளைகளுக்குச் சேரும். இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். கணவன் உயிரோடிருக்கும்போதே பாதிச் சொத்து அவளுடையது என்று சமூகம் ஏற்றிருந்தது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

இப்பங்கீட்டைச் சபையின் 'வைசன்அம்ட்' என்னும் அநாதையர் நலப் பொறுப்பகம் நடத்தியது. இறப்புக்குப் பின் ஏர், மாடு, கடன் என யாவும் பட்டியலிடப்படும். சிறுவர்களின் பங்கு வட்டியோடு காக்கப்படும். கைம்பெண் மறுமணம் செய்யுமுன் பிள்ளைகளின் பங்கு வரையறுக்கப்பட்டாக வேண்டும். நிலம் மகள்கள் வழியாகவும் இறங்கியதால், மணமான இளைஞன் மனைவியின் பெற்றோர் ஊரில் குடியேறுவதும் வழக்கமாயிற்று. முதல் பிரசவத்தின்போது தாயும் தமக்கையும் கூப்பிடு தூரத்தில் இருப்பது அந்தப் பெண்ணுக்கு எத்தகைய பலம்!

எனினும் இதைச் சமத்துவம் என்று கொண்டாட இயலாது. சபைக் கூட்டத்தில் பெண்ணுக்கு வாக்கில்லை. வைசன்அம்ட்டை நடத்தியவர்கள் ஆண்கள். கைம்பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் நியமிக்கப்பட்ட காப்பாளர்களும் ஆண்களே. உடைமை அவளுடையது, நிர்வாகம் அவர்களுடையது.

1918இல் மானிட்டோபா கொண்டுவந்த புதிய சட்டப்படி, குடியிருக்கும் மனையை மனைவியின் ஒப்புதலின்றி விற்க முடியாது. கணவனுக்குப் பின் வாழ்நாள் முழுதும் அதில் அவளுக்கு உரிமை உண்டு. மெனொனைட் கைம்பெண்ணுக்கு வழக்கம் ஏற்கெனவே தந்திருந்த முழுப் பாதியோடு ஒப்பிட்டால் இது குறைவே. ஆனால் அந்த வழக்கத்தைத் தாங்கிய நிறுவனம் விரைவில் தளர்ந்தது. வைசன்அம்ட்கள் தம்மிடமிருந்த பணத்தை விவசாயிகளுக்குக் கடனாக வழங்கியிருந்தன. 1930களின் பெருமந்தத்தில் கோதுமை விலை சரிந்து கடன்கள் திரும்பாமல் போக, பல நொடித்துப்போயின. அவற்றில் முடங்கிய தொகையில் கைம்பெண்களின் பாதியும் அவர்கள் பிள்ளைகளின் பங்கும் அடங்கும்.