கிச்சிலி மரங்களைக் காத்த முயிறு

பயிர்க்கேடு செய்யும் பூச்சிகளை வேறோர் உயிரைக் கொண்டு அடக்கிய மிகப் பழைய செய்தி, ஜி ஹான் என்பார் கி. பி. 304-இல் இயற்றியதாகக் கூறப்பெறும் 'நான்ஃபாங் சாவ்மு ஜுவாங்' என்னும் சீன நூலில் உளது. தென்னாட்டு மக்கள் இலைக்கூட்டோடு எறும்புகளைப் பாய்ப்பைகளில் இட்டுச் சந்தையில் விற்றனர் என்றும், அவை இல்லையேல் கிச்சிலிக் கனிகளைப் பூச்சிகள் கெடுத்துவிடும் என்றும் அந்நூல் உரைக்கின்றது. நற்றிணை சுட்டும் முயிறே அவ்வெறும்பு எனக் கொள்ளலாம். இலைகளைப் பிணைத்துக் கூடு கட்டி, மரத்திலுள்ள புழுக்களையும் நாவாய்ப் பூச்சிகளையும் வேட்டையாடுவது அதன் இயல்பு.

ஆயின், அந்நூல் பிற்காலத் தொகுப்பே என்பார் உளர். அதுபற்றி இவ்வழக்கின் தொன்மையையே ஐயுறுதல் பொருந்தாது என்பது எம் கருத்து. தாங் மரபின் இறுதியில் வாழ்ந்த லியூ ஷுன் நூலிலும் எறும்பு வாணிகம் கூறப்படுகின்றது. 12-ஆம் நூற்றாண்டினரான ஜுவாங் ஜியூ இன்னும் விரிவாக எழுதுகின்றார்: பன்றி அல்லது ஆட்டின் சிறுநீர்ப்பையில் கொழுப்பை இட்டு, வாயைத் திறந்து கூட்டருகே வைப்பர், எறும்புகள் உட்புகுந்தபின் எடுத்துச் சென்று விற்பர். முன்னூலைப் பெயர்த்தெழுதுவார்க்கு இத்துணை நுட்பம் வாய்ப்பது அரிது. பிற்காலத்துக் குவாங்தோங் தோட்டத்தார், எறும்புகள் நிலத்தில் இறங்காது செல்ல மரத்துக்கு மரம் பிரம்புப் பாலமும் கட்டினர்.